நாற்பத்தாறைத் தாண்டிய ஞாயிற்றுக்கிழமை

மேசைப் பணிக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

விதிகள் எல்லாம் புத்தகத்தில் இருக்கின்றன. எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்பதைப் பயிற்சி வகுப்பில் சொல்லித் தந்திருப்பார்கள். "அக்கா, அதில இல்லாததை நீங்கள் எழுதித் தாங்கோ" என்று மெலனி போன மாதம் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனாள். எங்கள் தமிழ்ப் பிள்ளை மெலனியை உங்களில் பலருக்குத் தெரியும். வாரநாளில் ஆய்வுகூட வேலை, வார இறுதியில் கூடைப்பந்து மேசை. இதில் அவளும் வருகிறாள். நான் பிழையாகவும் அவள் சரியாகவும் இருந்த ஒரு நாளைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

அதற்கு முன் நான் இந்த மேசைக்கு வந்த கதை. நான் பயந்துகொண்டுதான் வந்தேன்.

அப்போது ஜெர்மனியில் எங்கள் அகதி வழக்கு முடியாமல் இழுபட்டுக்கொண்டிருந்தது. மகள் டிலானிக்குப் பத்து வயது. ஊர்க் கழகத்தில் கூடைப்பந்து விளையாடத் தொடங்கியிருந்தாள். ஒரு நாள் அவளுடைய பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை என் கணவர் எடுத்தார். அதில் "கம்ப்ஃகெரிஷ்ட், சனிக்கிழமை காலை பத்து மணி, வருகை கட்டாயம்" என்று டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், எழுதி, கீழே என் பெயர். கெரிஷ்ட் என்றால் நீதிமன்றம். அந்தச் சொல்லைக் கண்டால் எங்கள் வீட்டில் சோறு இறங்காத காலம் அது. அதற்கு முன்னால் கம்ப்ஃ, அதாவது சண்டை, வேறு.

"இஞ்சரும், உமக்கு கெரிஷ்ட்டில இருந்து கடிதம் வந்திருக்கு. கட்டாயம் வரட்டாம்."

"அது விளையாட்டுக்கப்பா" என்று டிலானி சொன்னாள். பத்து வயதுப் பிள்ளையின் பேச்சை நம்பி நீதிமன்றத்தோடு விளையாட முடியுமா? பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவு, மன்னாரில் பாதிரியார் தந்த கடிதம் எல்லாம் அடுக்கிய கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தேவாலயத்துக்குப் போகிற சேலையில் நான் போனேன். போய்ச் சேர்ந்த இடம் ஒரு பள்ளி உடற்பயிற்சிக் கூடம். ஒரு மேசை, மூன்று கதிரை, எண் திருப்புகிற ஒரு பலகை. அங்கே இருந்த பெண் பல்கலைக்கழக மாணவி, என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். நான் அடையாள அட்டையை நீட்டினேன். அவள் சிரிக்கவில்லை. அதை வாங்கிப் பார்த்து மரியாதையாகத் திருப்பித் தந்துவிட்டு, ஒரு பேனையையும் தந்தாள்.

ஆட்டங்களில் புள்ளிகளையும் நேரத்தையும் குறிக்கும் மேசைக்குத்தான் இந்த ஊரில் அந்தப் பெயர் என்று அன்றுதான் தெரிந்தது. பிள்ளைகள் விளையாடினால் பெற்றோர் முறை வைத்து அதில் இருக்க வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து, டிலானி தன் முதல் கூடையைப் போட்டாள். நான் எழும்பி நின்று கைதட்டினேன். கைதட்டிய கையால் எழுத முடியாதல்லவா? எழுதவில்லை. ஆட்டம் முடிந்தபோது பலகையில் ஓர் எண்ணிக்கை, தாளில் வேறொன்று. எதிரணிப் பெற்றோர் சத்தம் போட, நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். மாணவிதான் ஒவ்வொரு வரியாகத் தேடி அந்த இரண்டு புள்ளியைக் கண்டுபிடித்தாள். என் மகளின் வரியில்தான் அது விடுபட்டிருந்தது.

"கைதட்டுறதுக்கு அங்கால முப்பது பேர் இருக்கினம், எழுதுறதுக்கு நீங்கள் ஒராள்தான்" என்றாள். டொச்சில்தான் சொன்னாள். எனக்குள் அது எங்கள் தமிழில் போய் உட்கார்ந்துவிட்டது. இதில் வருகிற மற்றவர்களின் பேச்சையும் அப்படித்தான் எழுதுகிறேன்.

எனக்கு வேலை பிராங்பேர்ட் விமான நிலையத்தின் சமையற்கூடத்தில். சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற வேலை. முள்ளுக்கரண்டி ஒன்று குறைந்தாலும் தட்டு திரும்பி வரும். அந்தக் கண்தான் மேசையிலும் கைகொடுத்தது. டிலானி பந்தை விட்டு வெகுகாலம் ஆனபிறகும் நான் மேசையை விடவில்லை. உரிமம், அடுத்த உரிமம், அதற்கடுத்தது என்று ஏறி, கடைசியில் பெண்கள் முதற்பிரிவுத் தொழில்முறை ஆட்டங்களுக்குப் புள்ளி எழுதுகிறவளாக வந்தேன்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

பிராங்பேர்ட்டிலிருந்து எஸ்-பான் ரயிலில் அரை மணி நேரத்தில் போகக்கூடிய ஒரு நகரம். கழகத்தின் பெயர் வேண்டாம். பிற்பகல் நான்கு மணி ஆட்டம். நான் புள்ளி எழுதுகிறேன். இன்னும் புள்ளித்தாள் என்றுதான் சொல்கிறோம், உண்மையில் அது மடிக்கணினித் திரை. என் வலப்பக்கம் மெலனி. கூடை விழுந்தால் போட்டவரின் எண்ணை எனக்குச் சொல்வதும் பெரிய பலகையை இயக்குவதும் அவள் வேலை. மேசையின் ஓரத்தில் ஒலிவாங்கியோடு அறிவிப்பாளர். எங்களுக்குப் பின்னால், ஒரு படி மேலே, புள்ளிவிவரக் குழு. அவர்கள் ஒளிப்பதிவை மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். நாங்கள் பார்க்க முடியாது. ஆனால் சட்டப்படி செல்லுபடியாவது எங்கள் தாள்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கழகத்தில் ஒரே ஆட்டத்தில் ஒருத்தி எடுத்த அதிகப் புள்ளி நாற்பத்தாறு. நான் மேசைக்கு வருவதற்கு முன்பே எழுதப்பட்ட சாதனை. மண்டபத்தின் நுழைவாயிலிலேயே பெரிதாக எழுதி வைத்திருப்பார்கள். வருகிற ஒவ்வொரு ஆட்டக்காரியும் அதைக் கடந்துதான் உள்ளே போவாள்.

எண் ஒன்பது, இல்ஸே. லாத்வியாவிலிருந்து வந்தவள். அவ்வளவு உயரமில்லை, அதிகம் பேசவும் மாட்டாள். அன்று அவளுக்கு என்ன வந்ததோ தெரியாது. முதல் நான்கு எறிகளும் வளையத்தில் படாமல் உள்ளே போயின. இடைவேளையில் இருபத்திநான்கு. மூன்றாம் கால்பகுதி முடிவில் முப்பத்தாறு. ஒவ்வொரு கால்பகுதி முடிவிலும் புள்ளிவிவரக் குழுவும் நாங்களும் கணக்கை ஒப்பிடுவோம். மூன்று முறையும் ஒத்துப்போனது. கடைசிக் கால்பகுதி தொடங்கும்போது மண்டபத்தில் ஒருவரும் உட்கார்ந்திருக்கவில்லை.

எண் பதினான்கு, மரைக்கே. உயரமான பெண், கூடைக்குக் கீழே நின்று ஆடுகிறவள். முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்து ஒரு வருடத்துக்கு மேல் வெளியே இருந்துவிட்டு, அன்றுதான் முதல் தடவையாகக் களத்துக்குத் திரும்பியிருந்தாள். இந்த அணியில் இல்ஸேக்கு நெருங்கிய தோழி அவள்தான். ஆனால் அன்றைய சத்தத்தில் மரைக்கே திரும்பி வந்ததை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை.

கடைசிக் கால்பகுதி தொடங்கிச் சற்று நேரத்தில் இல்ஸே எறிந்த ஒரு பந்து வளையத்தில் பட்டுத் துள்ளியது. கூடைக்குக் கீழே நாலைந்து பேர் ஒன்றாகக் குதித்தார்கள். இல்ஸேயும் தன் பந்தைத் தேடி உள்ளே ஓடியிருந்தாள். கைகளின் கூட்டத்திலிருந்து பந்து மேலே எழும்பி, கூடையின் பின்பலகையில் பட்டு, உள்ளே விழுந்தது. நடுவர் இரண்டு விரல் காட்டினார். "இல்ஸேஏஏ!" என்று அறிவிப்பாளர் கூவினார். மண்டபமும் சேர்ந்து கூவியது. நான் ஒன்பதுக்கு இரண்டு புள்ளி போட்டேன்.

போட்ட கணத்தில் வலப்பக்கம் மெலனி என்னைத் திரும்பிப் பார்த்தது எனக்குத் தெரியும். அவள் வாய் திறந்து மூடியது. நான் "என்ன?" என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எதிரணி பந்தை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டது, நானும் அதன் பின்னால் போய்விட்டேன்.

ஆட்டம் முடிய இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தபோது இல்ஸே இடப்பக்கமாக வெட்டி உள்ளே போய் ஒரு கூடை போட்டாள். தாளில் நாற்பத்தேழு.

"நாற்பத்தேழு! புதிய சாதனை!"

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? மேசை அதிர்ந்தது. என் தண்ணீர்ப் போத்தல் நடந்து போய் விழுந்தது. எதிரணிப் பயிற்றுநர் ஒரு நிமிட இடைவேளை கேட்டார். உள்ளூர் அணி பதினொரு புள்ளி முன்னிலையில் இருந்தது. இல்ஸேயை ஆட்டக்காரிகள் தூக்கி இறக்கினார்கள். அவளைக் கைதட்டலோடு வெளியே அழைப்பதற்காக உள்ளூர்ப் பயிற்றுநர் ஒரு மாற்று ஆட்டக்காரியை எங்கள் மேசைக்கு அனுப்பினார். அந்தப் பெண் வந்து கதிரையில் உட்கார்ந்தாள்.

அப்போது மெலனி என் கையைத் தொட்டாள்.

"அக்கா, அந்த ஒண்டு ஒன்பது இல்லை. பதினாலு."

"எது?"

"இந்தக் கால்பகுதி தொடக்கத்தில, எல்லாரும் குதிச்சது. எனக்கு அப்பவே தெரியும். நீங்கள் போட்டிட்டியள், பிறகு எப்பிடிச் சொல்லுறதெண்டு..."

அவள் முடிப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு துண்டுக் காகிதம் என் தோளுக்கு மேலால் வந்தது. புள்ளிவிவரக் குழுத் தலைவரின் கையெழுத்து: "எங்களிடம் 9க்கு 45. பார்க்கவும்."

எதிரே ஓடிக்கொண்டிருந்த இடைவேளைக் கடிகாரத்தில் நாற்பது நொடி இருந்தது.

தம்பி தங்கைகளே, இந்த நாற்பது நொடியைப் பற்றி எழுதத்தான் பேனையை எடுத்தேன். எனக்கு முன்னால் மூன்று வழி இருந்தது. ஒன்று, பேசாமல் இருப்பது. புள்ளிவிவரக்காரரின் கணக்குச் செல்லாது, என் தாள்தான் செல்லும். கூடையைப் போட்ட மரைக்கேயே வாய் திறக்கவில்லை. அணியின் மொத்தப் புள்ளி மாறப்போவதுமில்லை. இரண்டாயிரம் பேர் மகிழ்ச்சியாக வீட்டுக்குப் போவார்கள்.

இரண்டாவது வழிதான் ஆபத்தானது, ஏனென்றால் அது நேர்மையான வழிபோலவே இருந்தது. நடுவர் கையெழுத்துப் போடும்வரை தாளைத் திருத்தலாம் என்று விதி சொல்கிறது. ஆட்டம் முடியட்டும், சத்தம் அடங்கட்டும், நடுவரை அழைத்து அமைதியாகத் திருத்திவிடலாம். ஒருவரும் என்னைக் குறை சொல்ல முடியாது. எங்களைப் போன்றவர்களுக்கு அந்த வழி எவ்வளவு பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சத்தம் போடாமல், யாருடைய கண்ணிலும் படாமல், காகிதத்தைச் சரிசெய்துவிட்டு வீட்டுக்குப் போவது.

ஆனால் இல்ஸே? அவள் இப்போது கதிரைக்குப் போய்விடுவாள். உடை மாற்றும் அறையில் கொண்டாடிக்கொண்டிருக்கும்போது ஒருவர் வந்து, "நாற்பத்தைந்துதான்" என்று சொல்வார். அப்போது அவளிடம் பந்து இருக்காது, நேரமும் இருக்காது.

நான் கண்ணை மூடினேன். சத்தத்தை வெளியே விட்டுவிட்டு அந்தக் கைகளின் கூட்டத்தை மறுபடி பார்த்தேன். பந்தை மேலே தட்டிய கையில் இரண்டு விரல்களைச் சேர்த்து வெள்ளை நாடா சுற்றியிருந்தது. கண்ணைத் திறந்து களத்தைப் பார்த்தேன். இல்ஸேயின் கையில் நாடா இல்லை. தோழியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த மரைக்கேயின் கையில் இருந்தது. என் கண் அதை அப்போதே பார்த்திருந்தது. கை மட்டும் மண்டபத்தின் வாயைக் கேட்டு எழுதிவிட்டது.

மேசையின் ஒலிப்பானை அழுத்தித் தலைமை நடுவரை அழைத்தேன். அவர் சிரித்த முகத்தோடு வந்தார். அவருக்கும் அது நல்ல நாள்தானே.

"என்ர பிழை. ஒன்பதுக்குப் போட்ட ரெண்டு புள்ளி பதினாலுக்குரியது. ஒன்பதுக்கு நாற்பத்தைந்து."

சிரிப்புப் போய்விட்டது. "நிச்சயமா?"

"நிச்சயம்."

"இந்தச் சனத்துக்கு என்ன சொல்லப்போறம் எண்டு யோசிச்சனீங்களோ?"

"ஓம். இப்பவே சொன்னால் அவவுக்கு இன்னும் ரெண்டு நிமிசம் கிடக்கு."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு இரண்டு பயிற்றுநர்களையும் கையசைத்து அழைத்தார்.

"மெலனி, மாத்தும்."

அவள் அழுத்தினாள். பெரிய பலகையில் ஒன்பதின் பக்கத்தில் நாற்பத்தேழு, நாற்பத்தைந்தாகியது. அறிவிப்பாளர் ஒலிவாங்கியைப் பொத்திக்கொண்டு, "நான் இதை எப்பிடிச் சொல்லுவன்?" என்றார். "உள்ளதைச் சொல்லுங்கோ. பிழை மேசையில எண்டும் சொல்லுங்கோ" என்றேன். சொன்னார்.

ஒரு மண்டபம் முழுவதும் உங்களைப் பார்த்து ஊளையிடும்போது உடம்பில் முதலில் சூடாவது காது. நான் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டும் என்றில்லை. மேசையில் தொடர்ந்து இருந்தால் ஒரு நாள் உங்களுக்கும் கிடைக்கும். அப்போது திரையைப் பாருங்கள். சனத்தைப் பார்க்காதீர்கள்.

உள்ளூர்ப் பயிற்றுநர் மேசையில் ஓங்கி அடித்தார். "உங்களுக்குக் கண் இருக்கோ?"

"இருக்கு. அந்த ஒரு தரம் காதால எழுதிப்போட்டன்."

அதற்குள் இல்ஸே வந்துவிட்டாள். வியர்வை ஒழுக, மேசையில் இரண்டு கையையும் ஊன்றி, எந்தக் கூடை என்று கேட்டாள். சொன்னேன். அவள் திரும்பி மரைக்கேயைப் பார்த்தாள்.

"உன்ரதா?"

மரைக்கே தோளைக் குலுக்கினாள். "விடு. எனக்கு ரெண்டு புள்ளி எதுக்கு?"

"ஒரு வருசத்துக்கு மேல முழங்காலோட மாரடிச்சது எதுக்கு? அந்த ரெண்டுக்குத்தானே?" இல்ஸே அவ்வளவு பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. "உன்ர ரெண்டு எனக்கு வேண்டாம். வா, விளையாடுவம்."

பிறகு பயிற்றுநரைப் பார்த்துத் தலையை இல்லை என்று ஆட்டினாள். அவர் பெருமூச்சு விட்டு, மேசையில் இருந்த மாற்று ஆட்டக்காரியைத் திரும்பி வரச் சொல்லிக் கை காட்டினார்.

இடைவேளை முடிந்தது.

நாற்பத்தாறைத் தாண்ட அவளுக்கு ஒரு கூடை போதும். ஆனால் எதிரணிக்கும் அது தெரியும். தங்கள் அணியின் பெயருக்குப் பக்கத்தில் இன்னொருத்தியின் சாதனை எழுதப்படுவதை யார் விரும்புவார்கள்? உள்ளூர் அணிக்குப் பந்து கிடைத்ததும் இரண்டு பேர் இல்ஸேயைச் சுற்றிக்கொண்டார்கள். அவர்களுக்கு இடையால் அவள் எறிந்தாள். பந்து வளையத்தின் முன்விளிம்பில் அடித்து வெளியே போனது. மண்டபம் முனகியது. எனக்குப் பின்னால் ஒருவர், "இப்ப சந்தோசமா?" என்று கேட்டார். என்னைத்தான்.

எதிரணி ஒரு கூடை போட்டது. ஒரு நிமிடம் இருந்தது.

மறுபடி பந்து இல்ஸேயிடம். மறுபடி இரண்டு பேர் அவள் மேல். "நீயே எறி! நீயே எறி!" என்று மண்டபம் கத்தியது. அவள் எறிவதற்கு எழும்பினாள். எழும்பிய நிலையிலேயே, தன்னை மூடிய கைகளுக்கு அடியால் பந்தைக் கூடைப்பக்கம் விட்டாள். அங்கே மரைக்கே தனியாக நின்றாள். இல்ஸேயைக் காக்க இரண்டு பேர் போனால் ஒருத்தி தனியாகத்தானே நிற்பாள். மரைக்கே பிடித்தாள், திரும்பினாள், உள்ளே போட்டாள்.

ஒரு கணம் மண்டபத்தில் சத்தமே இல்லை. சாதனைக்கு ஒரு கூடை தூரத்தில் நிற்பவள் பந்தைக் கொடுத்துவிட்டாளே என்று சனம் திகைத்து நின்றது. அந்த அமைதியில் மெலனியின் குரல் தமிழில் உரத்துக் கேட்டது.

"பதினாலு, அக்கா! பதினாலு!"

"கண்டனான்" என்று சொல்லிக்கொண்டே நான் எழுதினேன்.

அந்தக் கூடைதான் இல்ஸேக்கு வழி திறந்தது. எதிரணி அடுத்த எறியைத் தவறவிட்டு இந்தப் பக்கம் திரும்பியபோது, மரைக்கேயைத் தனியாக விட அவர்களுக்குத் துணிவில்லை. இல்ஸேக்கு முன்னால் ஒருத்திதான் நின்றாள். முப்பது நொடிக்குக் குறைவு. இல்ஸே பந்தைத் தட்டிக்கொண்டே நின்றாள். வலப்பக்கம் ஒரு அடி போனாள். முன்னால் நின்றவளும் போனாள். உடனே இல்ஸே பின்னால் வந்தாள், மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே, எழும்பினாள்.

நான் பந்தைப் பார்க்கவில்லை. பந்தை எல்லாரும் பார்ப்பார்கள். அவளுடைய சப்பாத்தைப் பார்த்தேன். இரண்டும் கோட்டுக்கு வெளியே. பிறகு அவள் சட்டையின் எண். அதன்பிறகுதான் நடுவரின் கை. மூன்று விரல் மேலே. பந்து உள்ளே போனதும் இரண்டாவது கையும் மேலே.

"ஒன்பது. மூண்டு" என்றாள் மெலனி.

"ஒன்பது, மூண்டு" என்று நானும் சொல்லிக்கொண்டு எழுதினேன். நாற்பத்தெட்டு.

நிமிர்ந்து பார்த்தேன். மண்டபம் வெடித்துக்கொண்டிருந்தது, ஆனால் ஒலிபெருக்கியில் ஒன்றும் வரவில்லை. அறிவிப்பாளர் ஒலிவாங்கியை வாயருகே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். புருவத்தை உயர்த்தினார். நான் தலையசைத்தேன். அதற்குப் பிறகுதான் அவர் சொன்னார்.

இல்ஸே களத்தின் நடுவில் நின்று அழுதாள். மரைக்கே அவளைத் தூக்கினாள், அறுவை செய்த முழங்காலோடு. அணி மருத்துவர் "இறக்கு, இறக்கு" என்று கத்திக்கொண்டு ஓடினார். என் கை மேசைக்குக் கீழே, மெலனியின் கைக்குள் இருந்தது. யார் யாருடைய கையைப் பிடித்தோம் என்று எனக்குத் தெரியாது.

பின்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நடுவர் கையெழுத்துப் போட வந்தபோது, பிழை என்னுடையது என்று ஆட்ட அறிக்கையில் எழுதித் தந்தேன். "தேவையில்லையே, நேரத்துக்குத் திருத்திட்டீங்கள்" என்றார். எனக்குத் தேவை என்றேன். அடுத்த வாரம் கூடைப்பந்துச் சங்கத்திலிருந்து தொலைபேசி வந்தபோது, இனி முதற்பிரிவு இல்லை என்று சொல்லப்போகிறார்கள் என நினைத்து உட்கார்ந்துகொண்டுதான் எடுத்தேன். அந்தப் பருவத்தின் இறுதி ஆட்டத்துக்கு மேசையில் இருக்க முடியுமா என்று கேட்டார்கள். ஏலும் என்றேன், ஒரு வேண்டுகோளோடு: மெலனி எழுதட்டும், நான் பக்கத்தில் இருந்து எண் சொல்கிறேன். ஓய்வு பெறும்வரை அந்த ஒழுங்கை நாங்கள் மாற்றவில்லை. மூத்தவர் பிழை விடும்போது எப்படிச் சொல்வது என்று அவள் ஏழெட்டு நிமிடம் தவித்தாளே, அந்தத் தவிப்பு உங்களில் ஒருவருக்கும் வேண்டாம். சொல்லுங்கள். அந்த நொடியிலேயே, பக்கத்தில் இருப்பவரின் வயதையும் உரிமத்தையும் பார்க்காமல், உரத்துச் சொல்லுங்கள். கோபித்துக்கொண்டால் கோபிக்கட்டும்.

அந்த ஞாயிறு மாலை நாங்கள் இருவரும் எஸ்-பானில் திரும்பிக்கொண்டிருந்தோம். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. பெட்டி முழுவதும் கழகத்தின் கழுத்துச் சால்வை போட்ட சனம். எதிர்க் கதிரையில் ஒரு நடுத்தர வயது மனிதரும் அவர் மனைவியும். அந்த மனிதர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மேசையில இருந்தது நீங்கள்தானே?"

"ஓம்."

"உங்களைப் பாத்து ஊளையிட்டதில நானும் ஒராள்."

"நல்லாக் கேட்டது" என்றேன். மெலனி ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். அந்த மனிதரும் சிரித்தார். கையிலிருந்த ஆட்ட நிரலின் ஓரத்தில் அன்றைய புள்ளிகளைக் குறித்து வைத்திருந்தார். ஒன்பதுக்குப் பக்கத்தில் நாற்பத்தேழை வெட்டி, நாற்பத்தைந்தையும் வெட்டி, நாற்பத்தெட்டு என்று பெரிதாக எழுதி, சுற்றி வட்டம் போட்டிருந்தார். அதை எனக்குக் காட்டினார். சரியா என்று கேட்டார். சரி என்றேன்.

அவர் மனைவி காகிதத்தை அவர் கையிலிருந்து வாங்கி, விரலை ஒரு வரியில் வைத்தார். அங்கே எண்ணுக்குப் பக்கத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"பதினாலுக்கு எத்தனை?"

"நாலு" என்றேன்.

மனைவி தன் கணவரின் சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து, அதையும் எழுதினார்.